மேல் கண்மாய் உடைந்தால் கீழ் ஊருக்கு ஏது நேரம்?

பிள்ளையார்பட்டியில் ஆவணிச் சதுர்த்தித் திருவிழா முடிந்ததும் சுற்றுவட்டார விவசாயிகளின் கவனம் வானத்துக்குப் போய்விடும். புழுதி உழவு ஓட்டி, விதைநெல்லைத் தூவிவிட்டு, முதல் மழைக்குக் காத்திருக்கும் காலம் அது. காரைக்குடி, திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கத்து மானாவாரி நிலங்களுக்கும் கண்மாய்ப் பாசன நிலங்களுக்கும் வடகிழக்குப் பருவமழைதான் எல்லாம். "மழை வருமா?" என்பதே இங்கே தலைமுறைகளாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி. "மழை ஒரே நாளில் வந்துவிட்டால் என்ன செய்வது?" என்று நாம் அதிகம் கேட்டதில்லை. அந்தக் கேள்வியையும் இப்போது கேட்டாக வேண்டும்.

காரணம், நமக்குத் தெற்கே நடந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே சுமார் 90 செ.மீ.தான். அதாவது, நாம் ஆண்டு முழுவதும் வாங்கும் மழையைக் காயல்பட்டினம் ஒரே நாளில் வாங்கியது. அந்த மழையில் ஒரு ஏக்கர் நிலத்தின் மீது விழுந்த நீர் மட்டும் 38 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் சொன்னால் 320 லாரித் தண்ணீர், ஒரு ஏக்கருக்கு.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் இரண்டு நாட்கள் சிக்கிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். வாழையும் நெல்லும் மூழ்கியதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளம் ஏன் அவ்வளவு விரைவாக வந்தது, நம் ஊர் நிலத்துக்கு அதில் என்ன பாடம் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

மலையும் கடலும் அருகருகே இருந்தால்

வெள்ளத்தைப் பெருவெள்ளம், திடீர் வெள்ளம் என்று இரண்டாகப் பிரிக்கலாம். காவிரி சுமார் 800 கி.மீ. ஓடிக் கடலில் சேர்கிறது. மேலே மழை பெய்தால் கீழே தண்ணீர் வந்து சேர நாட்கள் ஆகும். அறிவிப்புக் கொடுக்கலாம், மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டலாம், அறுவடைக்கு நின்ற பயிரை அவசரமாக அறுத்துக்கூட வைக்கலாம். தாமிரபரணியின் நீளம் சுமார் 125 கி.மீ. மட்டுமே. பொதிகை மலையில் 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பிறக்கும் அந்த ஆறு, பாபநாசத்தில் சமவெளியைத் தொடும்போதே உயரத்தின் பெரும்பகுதியை இறங்கி முடித்துவிடுகிறது. அங்கே நாட்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான்.

கேரளத்திலும் கொங்கணத்திலும் நிலை இன்னும் கடுமை. மலையும் கடலும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கேரளத்தின் 44 ஆறுகளில் மிக நீளமானது பெரியாறு; அதுவே 244 கி.மீ.தான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து மழையாகிறது. அந்த மழை செங்குத்தான சரிவில் இறங்கி, குறுகிய சமவெளியைக் கடந்து கடலுக்குப் போக வேண்டும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. சரிவு, குறைந்த நேரம், அடைபட்ட வடிகால் ஆகிய மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் அதுதான் திடீர் வெள்ளம்.

நீரியலில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். வெள்ளம் வடிந்த பின் வயலில் பாறாங்கல்லும் மணலும் கிடப்பதற்கு அதுவே காரணம். மெதுவாக ஏறி இறங்கும் வெள்ளம் வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். வேகமாக வரும் வெள்ளம் இருக்கும் வண்டலையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

நூறாண்டு வரலாறு சொல்வது

மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கத்திலும் இது புதிதல்ல. 1924 ஜூலையில் கேரளத்தில் வந்த வெள்ளத்தை, கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்துத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்று மலையாளிகள் இன்றும் சொல்கிறார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிச் சென்ற சிறு ரயில்பாதை அந்த வெள்ளத்தில் அழிந்தது. பிறகு அது கட்டப்படவே இல்லை. 2005 ஜூலை 26-இல் மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 94 செ.மீ. மழை பெய்தது. 2018 ஆகஸ்டில் கேரளம் மீண்டும் மூழ்கி, 480-க்கும் அதிகமானோர் இறந்தனர். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுக்குள் புதைந்தது. அங்கே பலியான 70 பேரில் பலரது பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பகுதி. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைக் கடந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மலைச்சரிவுகளில் மண் சரிந்தது. வெள்ளமும் சரிவுமாக அந்தத் தீவில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகத் தமிழர்களின் லயன் வீடுகளும் தப்பவில்லை.

தாமிரபரணிக்கும் முன்கதை உண்டு. 1992 நவம்பரில் வந்த வெள்ளத்தை நெல்லைச் சீமையில் ஐம்பது வயதைக் கடந்த எவரும் மறக்கவில்லை. அதற்கு 31 ஆண்டுகள் கழித்து 2023 வந்தது. 31 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. அப்பா பார்த்த வெள்ளத்தை மகன் கதையாகத்தான் கேட்டிருப்பான். ஆபத்து உள்ளே நுழைவது இந்த இடைவெளியில்தான்.

வெனிசுலாவின் வர்காஸ் கடற்கரை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. கடலிலிருந்து 10 கி.மீ.க்குள் 2,000 மீட்டரைத் தாண்டி எழும் மலை அது. 1951-இல் அங்கே ஒரு திடீர் வெள்ளம் வந்தது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில், ஓடைகள் கல்லும் மண்ணும் கொட்டி உருவாக்கிய விசிறி போன்ற மேட்டு நிலங்களிலேயே ஊர்கள் பெருகின. 1999 டிசம்பர் 14 முதல் 16 வரை மூன்றே நாட்களில் 91 செ.மீ. மழை. இறந்தவர்கள் 10,000 முதல் 30,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஓடை தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. அங்கே வீடுகள் இருந்தன.

விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமான கதை இத்தாலியில் இருக்கிறது. சின்குவே டெரே என்னும் செங்குத்தான கடற்கரையில் பல நூறு ஆண்டுகளாகச் சுண்ணாம்பு இல்லாமல் கல் அடுக்கிப் படிவயல் கட்டித் திராட்சை வளர்த்தார்கள். அந்தக் கல்சுவர்கள் மண்ணையும் பிடித்தன, மழைநீரின் வேகத்தையும் குறைத்தன. பிழைப்புக்காக மக்கள் நகரங்களுக்குப் போனதும் சுவர்களைப் பராமரிக்க ஆளில்லை. 2011 அக்டோபர் 25-இல் பெருமழை வந்தபோது மான்டெரோசோ, வெர்னாசா ஊர்களின் தெருக்களை மண்ணும் கல்லும் மூடின. உழவு நின்றுபோன படிவயல்களில் சரிவு அதிகம் என்பது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. பயிர் செய்தவரை விவசாயி அந்த மலையைச் சம்பளம் இல்லாமல் காத்துக்கொண்டிருந்தார் என்பதுதான் இதன் பொருள். நம் கண்மாய்க்கும் இது அப்படியே பொருந்தும்.

2023 கற்றுத்தந்த மூன்று பாடங்கள்

முதலாவது, அணை மட்டும் போதாது. தாமிரபரணி அமைப்பில் பாபநாசம், மணிமுத்தாறு என்று பெரிய அணைகள் உண்டு. ஆனால் காயல்பட்டினம், திருச்செந்தூர், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் அணைகளுக்கு வெகு கீழே, கடலை ஒட்டிய பகுதிகள். அணைக்குக் கீழே பெய்யும் மழையை எந்த அணையும் பிடிக்க முடியாது. அந்த மழையைப் பிடிக்க வேண்டியவை குளங்களும் கண்மாய்களும்தான். கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடியை வெள்ளம் சூழ்ந்தது. மாவட்டம் முழுவதும் பல குளங்களில் கரை உடைந்தது.

இரண்டாவது, எச்சரிக்கையின் அளவுகோல். 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் அதை 'அதிகனமழை' என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. அதுதான் கடைசிப் படி. 21 செ.மீ. பெய்தாலும் அதே பெயர், 95 செ.மீ. பெய்தாலும் அதே பெயர். 2023 வெள்ளத்துக்குப் பிறகு முன்னறிவிப்பு பற்றி மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் வாக்குவாதம் நடந்தது. யார் பக்கம் நியாயம் என்பதைவிட விவசாயிக்கு முக்கியமானது வேறு: சிவப்பு எச்சரிக்கை என்ற ஒரே சொல், கண்மாய் நிரம்பும் மழைக்கும் கண்மாய் உடையும் மழைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதில்லை. அதைக் கரையில் நிற்பவர்தான் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, இழப்பைக் கணக்கிடும் முறை. 2023 டிசம்பரில் உயர்த்தப்பட்ட நிவாரணத்தின்படி, 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏழாயிரத்துக்கும் குறைவு. மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். இவையெல்லாம் நின்ற பயிருக்கான தொகை. மண் போய்விட்டால் அடுத்த போகமும் போகும், அதற்கடுத்ததும் போகும். மணல் மூடிய வயலைத் திருப்பி எடுக்க ஆகும் டிராக்டர் வாடகையை மட்டும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

சமவெளியில் மலைச்சரிவு எங்கிருந்து வரும்?

"எங்கள் ஊரில் மலையும் இல்லை, கடலும் பக்கத்தில் இல்லை" என்று நீங்கள் சொல்லலாம். பிள்ளையார்பட்டிக் குன்றைத் தவிர சுற்றிலும் சமநிலம்தான். மணிமுத்தாறு (நெல்லையில் இருப்பது வேறு), தேனாறு, பாம்பாறு போன்ற காட்டாறுகள் மழைக்கு மட்டும் ஓடிக் கிழக்கே பாக் நீரிணையை நோக்கிப் போகின்றன. நிலம் மெல்லத்தான் சரிகிறது.

ஆனால் இரண்டு நிகழ்வுகளைக் கவனியுங்கள். 2024 நவம்பர் 20-இல் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில், ராமேஸ்வரம் ஒரே நாளில் 41 செ.மீ. மழை வாங்கியது, அதில் பெரும்பகுதி சில மணி நேரங்களில் கொட்டியது. அடுத்த இரண்டு வாரத்துக்குள், ஃபெஞ்சல் புயல் கரை கடந்து வலுவிழந்த பிறகு, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. ஊத்தங்கரை கடலிலிருந்து வெகு தூரம்; வறட்சிக்குப் பெயர்போன பகுதி. ஏரி நிரம்பி வெளியேறிய வெள்ளம் சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் இழுத்துச் சென்றது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். வறண்ட பகுதி என்பதால் பெருமழை வராது என்ற காலம் போய்விட்டது.

நம் முன்னோர் இந்த மெல்லிய சரிவில்தான் கண்மாய்களைச் சங்கிலியாகக் கட்டினார்கள். மேல் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மிகுதி நீர் கீழ்க் கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அடுத்தது. ஒவ்வொரு கண்மாயும் வெள்ளத்தைச் சில மணி நேரம் தாமதப்படுத்துகிறது. காவிரிக்கு நீளம் தருகிற நேரத்தை நமக்குக் கண்மாய்கள் தருகின்றன. செட்டிநாட்டு வீடுகளில் கூரைநீர் முற்றத்துக்கு வந்து, ஊர்நீர் ஊரணிக்குப் போகும் அமைப்பும் அதே சிந்தனையில் பிறந்ததுதான்.

இந்தச் சங்கிலிக்கு ஒரு பலவீனம் உண்டு. கரை உடைந்தால், கண்மாய் சேர்த்து வைத்த தண்ணீர் குறுகிய நேரத்தில் வெளியேறும். பத்தடி உயரத்திலிருந்து செங்குத்தாக விழும் அந்த நீருக்கு மலை ஓடையின் வேகம் வந்துவிடும். அதாவது, உடைந்த கண்மாய் சமவெளியில் ஒரு மலைச்சரிவை உண்டாக்குகிறது. அந்த வேகத்தை வாங்கும் அடுத்த கண்மாய்க் கரையும் தாங்காது. 2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகரத்துக்கு நேர்ந்தது இதுவே. மேல் அணை உடைந்த நீர் கீழ் அணையையும் உடைத்தது. ஒரே இரவில் ஆயிரக்கணக்கானோர் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டனர். அணைகள் பராமரிப்பு இல்லாமல் கிடந்தவை.

கலுங்கில்தான் உயிர் இருக்கிறது

கண்மாய் என்றதும் நாம் மடையைப் பற்றித்தான் பேசுவோம். மடை நமக்குத் தண்ணீர் தருவது. ஆனால் கண்மாயைக் காப்பாற்றுவது கலுங்கு. பல கலுங்குகளில் வரிசையாக நட்ட கற்கள் இருக்கும். பருவமழை முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே பலகையோ மண்ணோ வைத்து அடைத்து, இன்னும் ஓரடி நீரைச் சேர்த்துக்கொள்வது பழைய வழக்கம். எப்போது அடைப்பது, எப்போது பிரிப்பது என்பதை நீர்ப்பாய்ச்சியோ ஊர்ப் பெரியவரோ வானத்தைப் பார்த்து முடிவு செய்தார்கள். இன்று பல ஊர்களில் அந்த ஆள் இல்லை. மழை போதாதோ என்ற பயத்தில் ஐப்பசியிலேயே மணல் மூட்டை போட்டு அடைத்துவிடுவதும், அடைத்தவர் யாரென்று தெரியாமல் போவதும் நடக்கின்றன. பெருமழை இரவில் அந்த மூட்டையை எடுக்க யாரும் போக முடியாது.

கலுங்குக்குக் கீழே உள்ள மறுகால் ஓடையின் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் பல ஆண்டுகள் ஓடாத ஓடை, காலி நிலமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். வேலி நகரும், பிறகு கொட்டகை வரும், பிறகு பட்டாக் கேட்டு மனு வரும். வர்காஸில் நடந்தது பெரிய அளவில் இதுதான்.

நிர்வாகத்திலும் ஒரு பிளவு இருக்கிறது. தமிழகத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உள்ளன. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. ஆனால் தண்ணீர் ஆயக்கட்டு பார்த்து ஓடுவதில்லை. ஒரே சங்கிலியில் மேல் கண்மாய் ஒன்றியத்துக்கும் கீழ்க் கண்மாய் துறைக்கும் சொந்தமாக இருந்தால், ஒன்றின் கரையைப் பலப்படுத்திவிட்டு மற்றதை விட்டுவிடுவதால் பயன் இல்லை. 2017 முதல் குடிமராமத்து என்ற பெயரில் நடந்த பணிகளும் பெரும்பாலும் தனித்தனிக் கண்மாய்க் கணக்கில்தான் எடுக்கப்பட்டன. இனி வரும் பணிகளைச் சங்கிலி வாரியாக, மேலிருந்து கீழாக எடுக்க வேண்டும். இதுவே அரசிடம் நாம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.

ஐப்பசிக்கு முன் நீங்கள் செய்யக்கூடியவை

* உங்கள் கண்மாய்க்கு மேலே எத்தனை கண்மாய், கீழே எத்தனை என்று எழுதி வையுங்கள். மேல் ஊரிலும் கீழ் ஊரிலும் ஒருவரது தொலைபேசி எண்ணாவது கையில் இருக்கட்டும். மேல் கலுங்கு ஓடத் தொடங்கியதும் கீழ் ஊருக்குச் செய்தி போக வேண்டும். எந்தச் செயலியும் இதைவிட வேகமாகச் சொல்லாது.

* கரையின் மேல் ஒருமுறை முழுவதும் நடந்து பாருங்கள். எலி வளை, கரையான் புற்று, பட்டுப்போன மரத்தின் வேர், மாடும் டிராக்டரும் ஏறித் தாழ்ந்துபோன இடம் ஆகியவைதான் முதலில் உடையும். தாழ்ந்த இடத்தில் வெளி மண்ணைக் கொட்டினால் மட்டும் போதாது. அடுக்கடுக்காக நனைத்துக் கெட்டிக்க வேண்டும்.

* கலுங்கையும் மறுகால் ஓடையையும் சீமைக்கருவேல் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். கலுங்கை எந்தத் தேதிக்கு முன் அடைக்கக் கூடாது என்பதை ஆயக்கட்டுக்காரர்கள் கூடி முடிவு செய்து, பொறுப்பாளர் ஒருவரை நியமியுங்கள்.

* கண்மாயின் உள்வாயிலிலும் ஓடையிலும் ஆக்கிரமிப்பு இருந்தால் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். வண்டல் எடுக்க விரும்புவோர் வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என 2024-இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. வண்டல் எடுத்தால் கண்மாய்க்கு ஆழம், உங்கள் வயலுக்கு உரம். கரையின் அடிவாரத்தை ஒட்டி மட்டும் தோண்ட வேண்டாம்.

* மழைக்கு முன்பே வயலைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அடங்கலில் இந்த ஆண்டுப் பயிர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்யுங்கள். 2022-26 காலத்துக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளில், மூன்று அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த சிறு, குறு விவசாயிகளின் நிலத்தைச் சீர்செய்ய ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் என்று தனி இனம் இருந்தது. பயிர் இழப்போடு மண் படிவையும் அளந்து பதிவு செய்யும்படி கேளுங்கள். நடப்பு விதியில் உள்ள தொகையையும் விசாரியுங்கள்.

* பயிர்க் காப்பீட்டில், நெல் வயலில் நீர் தேங்குவதால் வரும் தனி வயல் இழப்பு 2018-இல் நீக்கப்பட்டது. 2026 காரிஃப் பருவம் முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. பாதிப்பு நடந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுப்பது கட்டாயம். உங்கள் பயிருக்கும் பருவத்துக்கும் இது பொருந்துமா என்பதைப் பிரீமியம் கட்டும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

யார் கரையில் நிற்பது?

பொதிகையின் சரிவை யாராலும் மாற்ற முடியாது. அங்கே பெய்யும் மழை சில மணி நேரத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தே தீரும். நம் நிலம் அப்படிப்பட்டது அல்ல. மெல்லச் சரியும் இந்த மண்ணில் வெள்ளத்துக்கு வேகம் கொடுப்பதும் கொடுக்காததும் பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. கலுங்கு திறந்திருந்தால் காயல்பட்டினத்தில் பெய்த மழையில் பாதி இங்கே பெய்தாலும் பயிர் போகலாம், ஊர் தப்பும். கலுங்கு அடைபட்டிருந்தால் அதைவிடக் குறைந்த மழைக்கே கரை போய்விடும்.

செட்டிநாட்டில் பல ஊர்களில் பாதிக்கு மேல் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஆயக்கட்டில் தரிசு கூடிக்கொண்டே போகிறது. பயிர் செய்பவர் குறையக் குறையக் கரையில் நடப்பவரும் குறைகிறார். இத்தாலியில் கல்சுவர் சரிந்ததும் இப்படித்தான். ஆகவே கண்மாய்ப் பராமரிப்பை ஆயக்கட்டு விவசாயிகளின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. கீழே வீடு கட்டியவரும் கடை வைத்தவரும் வெளியூரில் இருந்துகொண்டு திருவிழாவுக்கு மட்டும் வருபவரும் அதில் பங்கெடுக்க வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கலுங்கின் பெயரைச் சொல்லி ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். கூட்டம் முடிந்ததும், மழை தொடங்குவதற்குள், நாலு பேராகக் கரைக்குப் போய் அது திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.